செதுக்குக் கத்தி ஏன் முறிகிறது: உலையிலிருந்து பதம் வரை

மரம் செதுக்குகிறவர்கள் கத்தியைப் பற்றிச் சொல்லும் குறை இரண்டு வகைதான். வாய், அதாவது வெட்டும் விளிம்பு, பல் பல்லாக உதிர்கிறது, சில நேரம் முனையே முறிந்து தெறிக்கிறது. அல்லது நாலு சீவலுக்குள் வாய் மடங்கி மழுங்கிவிடுகிறது. இரண்டுக்கும் "இரும்பு சரியில்லை" என்று எஃகின் மேல் பழி போடுகிறோம். பெரும்பாலும் எஃகு நன்றாகத்தான் இருக்கிறது. துவைச்சல் (சிவக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கிக் கடினமாக்குவது) போட்ட விதமும், அதற்குப் பிறகு பதம் இறக்காமல் (மிதமான சூட்டில் வைத்து நொறுங்கும் தன்மையைக் குறைக்காமல்) விட்டதும்தான் கத்தியைக் கெடுக்கின்றன.

இந்த மண்ணுக்கு இரும்பு புதிதல்ல. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் இன்று தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பட்டறைகளுக்கு வருவது பழைய இரும்பல்ல. லாரி ஸ்பிரிங் பட்டை, தேய்ந்த அரம், கழித்த பேரிங் வளையம் என்று காயலான் கடைச் சரக்கு. ஒவ்வொன்றும் வேறு வேறு கலவை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் சில பிழைக்கும், பல வெடிக்கும். தடித்த அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் தோய்த்து, முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்ப்பக்கம் ஓடிவருவதை நிறத்தில் பார்த்துப் பதம் பிடிப்பது நம் கொல்லர்களின் அருமையான கைத்திறன். அதே முறையை 3 மி.மீ. கனமுள்ள செதுக்குக் கத்திக்குக் கொண்டுவந்தால் அந்தச் சூடு மிஞ்சுவதே இல்லை.

முதலில் எஃகு. ஸ்பிரிங் பட்டையில் கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம், வளைவுக்கும் அடிக்கும் தாங்கும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதையே பரிந்துரைப்போம். நல்ல அரத்தில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல். வாய் நெடுநேரம் நிற்கும், ஆனால் சூட்டில் சிறு பிழையையும் பொறுக்காது. கட்டடக் கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டாது, அதில் கத்தி அடிப்பது வீண் உழைப்பு. எது என்று தெரியாத துண்டானால் ஒரு நுனியை வெட்டி, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, துணியில் சுற்றி வைஸில் பிடித்து உடைத்துப் பாருங்கள். உடையாமல் வளைந்தால் அந்த எஃகு கத்திக்கு ஆகாது. கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள். தோய்த்த எஃகின் சில்லு கண்ணைத் தேடித்தான் வரும்.

வருஷக்கணக்கில் பாரம் சுமந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத களைப்பு விரிசல் இருக்கும். நடுத்துளையை ஒட்டிய பகுதியைக் கழித்துவிடுங்கள். அரமானால் பல்வரிகளை முழுவதுமாகச் சாணையில் தேய்த்த பிறகே காய்ச்சி அடிக்க வேண்டும். ஒரு வரி மிச்சமிருந்தாலும் சுத்தியடியில் அது உள்ளே மடிந்து, துவைச்சலில் விரிசலாக வெளியே வரும்.

உலைக்கு கொட்டாங்குச்சிக் கரியோ சீமைக் கருவேலங் கரியோ போதும். ஊதுகாற்றுக் குழாயாக ஜி.ஐ. பைப்பை நெருப்புக்குள் நுழைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். அதன் துத்தநாகப் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறையில் சொல்லும் பேச்சு, அது பாதுகாப்பாகாது. கருப்பு இரும்புக் குழாய் போடுங்கள். கரி உலையை மூடிய அறையில் வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

60 மி.மீ. நீள வாயும் கைப்பிடிக்குள் போகும் 80 மி.மீ. காம்பும் உள்ள கத்திக்கு 10 மி.மீ. சதுரத்தில் 7 செ.மீ. எஃகு போதும். அவ்வளவு சிறிய துண்டைக் குறட்டில் பிடிப்பது கஷ்டம். நீளமான பட்டையின் நுனியிலேயே வாயை அடித்து முடித்து, காம்புக்கு அளந்து வெட்டுங்கள். ஆரஞ்சு நிறத்தில் அடிக்கத் தொடங்கி, மங்கிய சிவப்புக்கு இறங்கும் முன் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே அடித்தால் விரிசல் விடும். வெள்ளையாகிப் பொறி பறந்தால் எஃகு எரிந்துவிட்டது, அந்தப் பகுதியை வெட்டி எறிவது தவிர வழியில்லை. வாய்ப்பக்கத்தை மெலிக்கும்போது அந்தப் பக்கம் நீண்டு கத்தி முதுகுப்புறமாக வளையும். எனவே முன்கூட்டியே வாய்ப்புறமாகச் சற்று வளைத்து வைத்தால் மெலித்து முடிக்கையில் நேராகும். காம்பும் வாயும் சேரும் தோள் கூர்மூலையாக இருக்கக் கூடாது. சின்ன உருண்டை அரத்தால் வளைவு கொடுங்கள். காம்பு ஒடியும் கத்திகள் அந்த மூலையில்தான் ஒடிகின்றன.

அடித்து முடித்ததும் துவைச்சலுக்கு ஓடிவிடக் கூடாது. நடுவில் ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள். கத்தியை மூன்று முறை சிவக்கக் காய்ச்சி, ஒவ்வொரு முறையும் காற்றில் கருப்பாகும்வரை ஆறவிட வேண்டும். முதல் சூடு சுமார் 870 டிகிரி, அடுத்தது 830, கடைசி 780. அடிக்கும்போது பெருத்துப்போன மணிகள், அதாவது எஃகுக்குள் இருக்கும் நுண்படிகங்கள், இதில் பொடியாகும். சோதனைத் துண்டை உடைத்தால் முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று இருக்க வேண்டும். கல்கண்டு மாதிரி மின்னினால் மணி பெருத்திருக்கிறது, அந்தக் கத்தியின் வாய் உதிரத்தான் செய்யும். இதன் பிறகு சாணையில் இருபுறமும் அரை மி.மீ. அளவுக்கு மேல்தோலை எடுங்கள். நெருப்பில் கார்பனை இழந்த தோல் அது. வாயை 0.7 மி.மீ. கனத்தில் நிறுத்துங்கள். அதற்கும் மெலிந்தால் எண்ணெயில் நெளியும்.

துவைச்சலுக்கு வெயிலில் நிற்காதீர்கள். வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். சிவப்பு மங்கலாகத் தெரிய, இன்னும் காய்ச்சி மிஞ்சிவிடுவோம். நிழலில், சாயங்காலத்தில் செய்யுங்கள். காந்தம் கைவசம் இருக்கட்டும். எஃகு ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். அரம் எஃகானால் அதிலிருந்து ஒரு படி மட்டும் நிறம் ஏற்றி, 800 அளவில் நிறுத்துங்கள். ஸ்பிரிங் பட்டைக்கு 830 முதல் 850 வரை வேண்டும். இந்தச் சூட்டைக் கண்ணால் பிடிப்பதற்குச் சமையல் உப்பு உதவும்: அது உருகுவது 801 டிகிரியில். நாலு கல் உப்பைக் கத்தியின் மேல் வைத்தால் உருகி வழிவது தெரியும். முனை மெல்லியது, முதலில் சிவக்கும்; அதைக் கரிக்குள்ளேயே வைத்திருக்காமல் முன்னும் பின்னும் இழுத்து, கத்தி முழுவதும் ஒரே நிறம் ஆகவிடுங்கள்.

எண்ணெய்க்குக் கடலை எண்ணெயோ பாமாயிலோ நல்லது. கழிவு எஞ்சின் ஆயில் வேண்டாம், அதன் புகை நுரையீரலுக்கு விஷம். குறைந்தது 4 லிட்டர், உயரமான தகரப் பாத்திரத்தில், முக்கால் அளவுக்கு. முன்பே ஒரு காய்ச்சிய கம்பியை முக்கி எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் மெதுவாகத்தான் ஆற்றும். கத்தியை முனை கீழாக நேராக இறக்கி, மேலும் கீழும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு புறம் வேகமாக ஆறிக் கோணிவிடும். பாதி வெளியே நிற்கும் சிவந்த எஃகுதான் எண்ணெயில் தீப்பற்ற வைக்கிறது. மூடியும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ ஆள் உயரத்துக்கு எழும்பும். எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தாலும் கொதித்துத் தெறிக்கும்.

எடுத்ததும் கத்தி கோணியிருந்தால், இன்னும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் சில நொடிகளுக்குள் கையுறையோடு இரு மரப்பலகைகளுக்கு நடுவே அழுத்தி நேராக்கலாம். ஆறிய பிறகு தட்டினால் கண்ணாடியாக உடையும். "டிங்" என்று ஒரு சத்தம் வந்தால் விரிசல் விட்டுவிட்டது என்று அர்த்தம். வெல்டிங் வைத்துக் காப்பாற்ற முயலாதீர்கள். நல்ல அரத்தால் வாயில் இழுத்துப் பாருங்கள். அரம் பிடிக்காமல் வழுக்க வேண்டும். மேலே சற்றுப் பிடித்தாலும் இரண்டு இழுப்புக்குப் பின் வழுக்கினால் சரி, அது மேல்தோல்தான்.

இந்த நிலையில் கத்தி மிகக் கடினம், ஆனால் எளிதில் நொறுங்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் இரவிலேயே தானாக விரிசல் விடக்கூடும். ஒரு மணி நேரத்துக்குள் பதம் இறக்கத் தொடங்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவித் துடைத்து, மின் அடுப்பில், அதாவது ஓ.டி.ஜி.யில், ஒரு மணல் தட்டில் கத்தியைப் புதைத்து 200 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். வெளியே எடுத்து ஆறவிட்டு, மறுபடியும் அதே அளவு. ஸ்பிரிங் பட்டைக்கு 190 போதும், அரத்துக்கு 200 முதல் 210. அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், இருபது முப்பது டிகிரி தள்ளிக் காட்டுவது சாதாரணம். தனி வெப்பமானியை மணலுக்குள் வையுங்கள். பளிச்சென்று தேய்த்த ஒரு துண்டைக் கூட வைத்தால் அது வெளிர் வைக்கோல் நிறம் எடுக்கும். நீலம் ஏறினால் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, ஸ்பிரிங்குக்கு ஏற்ற பதம் அது. செதுக்குக் கத்தியின் வாய் மடங்கிவிடும்.

இத்தனை பாடுபட்ட பதம் சாணைக் கல்லில் பத்து நொடியில் போய்விடும். பதம் இறக்கிய பிறகு தேய்க்கும்போது கையுறை போடாமல் வெறும் விரலால் பிடியுங்கள். விரல் சுட்டால் தண்ணீரில் முக்குங்கள். வாயில் நீலக் கோடு விழுந்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது, அது போகும்வரை தேய்த்து எடுக்க வேண்டும். இரு புறச் சரிவும் சேர்ந்து 22 டிகிரி இருந்தால் வெப்பாலை, கல்யாண முருங்கை போன்ற மென்மரத்துக்கு அருமை. காய்ந்த புளிய மரத்தை இந்தக் கோணத்தில் குடைந்தால் உதிரும், 28 வரை ஏற்றுங்கள்.

காம்பைச் சுட்டு, கைப்பிடித் துளையில் அரக்கு உருக்கி இறக்குவது நல்ல பழைய வழி. வாயை ஈரத் துணியால் சுற்றித் தண்ணீரில் வைத்துக்கொண்டு காம்பை மட்டும் காய்ச்சுங்கள், இல்லையென்றால் வாயின் பதம் கெட்டுப்போகும். பித்தளைப் பூண் போட்டால் பிடி பிளக்காது.

வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். 6 மி.மீ. பித்தளைக் கம்பியின் மேல் வாயைச் சரிவின் கோணத்தில் வைத்து இலேசாக அழுத்துங்கள். விளக்கு வெளிச்சத்தில் வாய் சற்று நெளிந்து உடனே பழையபடி நேரானால் பதம் சரி. நெளிந்தபடியே நின்றால் மென்மை. சில்லு விழுந்தால் பதம் இறக்கவே இல்லை. அந்தக் கத்தியைச் செய்தவரிடமே திருப்பிக் கொடுத்து, இரண்டு முறை பதம் இறக்கித் தரச் சொல்லுங்கள். விரிசல் இல்லாத கத்தியானால் சில்லு விழுந்த வாயைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பவும் புழங்கலாம்.