‘வினைத்தொகுதி ஏற்றிய கிராஃபீன்’: ஒரு சொல் விளக்கம்

குடிநீரில் கலந்துள்ள காரீயத்தையும் பாதரசத்தையும் கண்டறியும் உணரிகளைப் பற்றிச் சென்னையில் தமிழில் நடைபெறும் அறிவியல் கூட்டங்களில் ‘ஃபங்ஷனலைஸ்டு கிராஃபீன்’ என்னும் ஆங்கிலத் தொடருக்கு ஈடாகச் ‘செயல்பாட்டு கிராஃபீன்’ என்னும் தொடரைத் திரும்பத் திரும்பக் கேட்க நேர்கிறது. அது பிழையான ஆக்கம்.

‘எழுது’ எனப் பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து 1789இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் வெர்னர், பென்சிலில் எழுதும் கரிமப் பொருளுக்குக் ‘கிராஃபைட்’ என்ற பெயரை ஆக்கினார். அதன் ஓரணுத் தடிமனுள்ள கரிமத் தாளுக்கு 1986இல் ஜெர்மானிய வேதியியலாளர் போயமும் உடன் ஆய்ந்தோரும் ‘கிராஃபீன்’ எனப் பெயரிட்டனர்.

சிக்கல் அடைமொழியில்தான். ‘ஃபங்ஷனலைஸ்டு’ என்பதைக் கண்டதும் அகராதியில் முதலில் தட்டுப்பட்ட ‘செயல்பாடு’ என்பதை எடுத்து ஒட்டிவிட்டார்கள். அந்த ஆங்கிலச் சொல்லோ, மேல்நிலை வகுப்பில் ‘வினைசெயல் தொகுதி’ என்று மாணவர் படிக்கும், ஒரு சேர்மம் எப்படி வினைபுரியும் என்பதைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டங்களான கார்பாக்சில், அமீன், தயோல் போன்றவற்றைக் குறித்துப் பிறந்தது. வெறும் கிராஃபீனில் உலோக அயனிகள் பற்றிக்கொள்ள ஏற்ற பிடி இல்லை. அதன்மேல் கார்பாக்சில் தொகுதியை ஏற்றினால், அது புரோட்டானை இழந்து எதிர்மின்சுமை பெற, நீரிலுள்ள காரீய அயனி வந்து பிணைகிறது. பாதரசத்தைப் பிடிக்கக் கந்தகமுள்ள தயோலை ஏற்றுகிறார்கள். லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் கூடாது என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலை. அத்துணைச் சிறிய அளவை உணரி காட்ட வேண்டுமானால், ஏற்றிய தொகுதியே அயனிகளைத் திரட்டித் தர வேண்டும். இவ்வளவையும் ‘செயல்பாட்டு’ என்னும் அடைமொழி மறைத்துவிடுகிறது. ‘வினைத்தொகுதி ஏற்றிய’ என்றால் எதை, எங்கே செய்தார்கள் என்பது சொல்லிலேயே தெரிகிறது.

சிலர் ‘செயலூட்டிய கிராஃபீன்’ என்கிறார்கள். நுண்துளைகள் உண்டாகும்படி பக்குவப்படுத்திய கரியைச் ‘செயலூட்டிய கரி’ என்று ஏற்கெனவே வழங்குவதால், இரு வேறு பக்குவங்கள் ஒரே பெயரில் குழம்பும்.

இதனினும் கேடானது ‘காரீயப் படலம்’ என்னும் தனித்தமிழாக்கம். பென்சிலில் உள்ள கிராஃபைட்டையும் காரீயம் என்று சொல்லும் வழக்கை நம்பி ஆக்கிய சொல் இது. தேடப்படும் நஞ்சும் காரீயம், தேடும் கருவியும் காரீயம் என்றால் படிப்பவர் என்ன செய்வார்? இதை ஆக்கியவர்களின் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் தெளிவைக் கெடுக்கும் தூய்மையை ஏற்க இயலாது. குரோமியத்தால் தோல் பதனிட்ட ஆலையையொட்டிக் குரோம்பேட்டை என்று ஊருக்கே பெயர் அமைந்த சென்னைப் பெருநகரில், கிராஃபீன் என்னும் சொல் அப்படியே நிற்பதால் தமிழுக்கு இழுக்கில்லை.

அடர்த்தி மிகுந்த கன உலோகத்தைக் ‘கடின உலோகம்’ என்று எழுதுவோரும் இதே வழியில்தான் தவறுகிறார்கள். காரீயத்தை நகத்தால் கீறலாம். பாதரசமோ அறை வெப்பநிலையில் நீர்மம். பொருளைப் பாராமல் சொல்லுக்குச் சொல் வைக்கும் மொழிபெயர்ப்பாளர், வேதியியல் அறிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும்.