குடத்தின் கழுத்தும் தோட்டாவின் கழுத்தும்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை மூலையில் ஒரு பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்தோம். ஐப்பசி மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது, வாயிலிருந்து கழுத்து வழியாகத் தோள் வரை மயிரிழை போல ஒரு விரிசல். யாரும் கீழே போடவில்லை, எதுவும் இடிக்கவில்லை. பாத்திரப் பட்டறைப் பெரியவர் விரிசலை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, “கழுத்தை அடித்து ஒடுக்கியவன் சரியாகக் காய்ச்சவில்லை” என்றார். அவர் சொன்னதன் ஆழம், பல ஆண்டுகள் கழித்துத் துப்பாக்கித் தோட்டாக்களைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

தோட்டாவின் உறை, அதாவது வெடிமருந்தை உள்ளே அடக்கி, ஒடுங்கிய கழுத்தில் குண்டைப் பிடித்திருக்கும் குழல், 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும் நொடியில் அது உப்பி, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்க வேண்டும். அடுத்த நொடியே சற்றுச் சுருங்கி, எளிதாக வெளியே வர வேண்டும். மிக மென்மையாக இருந்தால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், மிக இறுகியிருந்தால் பிளந்துவிடும். ஒரே உறையில் அடிப்பகுதி கடினமாகவும் கழுத்து மென்மையாகவும் இருந்தாக வேண்டும்.

பித்தளைக்கு இது எப்படி இயலுகிறது? உலோகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்கில் ஆங்காங்கே பிசகுகள் உண்டு. சுத்தியால் அடிக்கும்போது இந்தப் பிசகுகள் நகர்கின்றன, உலோகம் வளைந்து கொடுக்கிறது. ஆனால் ஒவ்வோர் அடியும் புதிய பிசகுகளை உண்டாக்குகிறது. தேர்த் திருவிழா அன்று பாடலீசுவரர் கோயில் வீதியில் கூட்டம் சேரச் சேர யாரும் அசைய முடியாமல் போவதைப் போல, பிசகுகள் ஒன்றையொன்று மறித்துக்கொள்கின்றன. உலோகம் இறுகிவிடுகிறது. தணலில் காய்ச்சினால் பழைய நெரிசல் கலைந்து, புதிய படிகங்கள் பிறக்கின்றன, மென்மை திரும்புகிறது. காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் முக்கினால் இறுகும். பித்தளையோ, தண்ணீரில் முக்கினாலும் காற்றில் ஆறவிட்டாலும் மென்மையாகவே இருக்கும். பட்டறைக்காரர் காய்ச்சிய குடத்தைத் தயங்காமல் தொட்டித் தண்ணீரில் இறக்குவது அதனால்தான்.

அமெரிக்காவில் ‘வைல்ட்கேட்’ தோட்டா என்று ஒன்று உண்டு. எந்தத் தொழிற்சாலையும் அந்த அளவில் தயாரிக்காது. ஆர்வலர்கள் வேறொரு தோட்டாவின் உறையை வாங்கிக் கழுத்தை ஒடுக்கித் தாங்களே உருவாக்குவார்கள். (நம் நாட்டில் துப்பாக்கியும் தோட்டாவும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவை.) 1915இல் வந்த .250 சாவேஜ் என்ற தோட்டாவின் உறைக் கழுத்தை ஒடுக்கிப் பிறந்ததுதான் .22-250 என்ற தோட்டா. பல ஆண்டுகள் ஆர்வலர்களின் கைவேலையாகவே இருந்த அதை, 1965இல் ரெமிங்டன் நிறுவனம் தொழிற்சாலைத் தோட்டாவாக்கியது.

இதில் குண்டின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டரிலிருந்து 5.7ஆகக் குறைகிறது. அதாவது கழுத்தின் சுற்றளவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்தப் பித்தளை எங்கே போகும்? கொஞ்சம் நீளமாகவும் மீதி தடிமனாகவும் மாறும். தடித்த கழுத்தைச் சீவாமல் விட்டால் அறையில் குண்டை இறுக்கிப் பிடித்து, அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். கழுத்தை விரித்தாலோ சுவர் மெலியும், கீறல் விழும். உறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் ஒடுக்கும் வழியை விரும்புவது இதனால்தான்: மிஞ்சியதைச் சீவிவிடலாம், மெலிந்ததை எப்படித் தடிக்க வைப்பது? விளிம்பும் அடிப்பகுதியும் துப்பாக்கிக்குப் பொருந்துகின்றனவா என்பதே அவர்கள் முதலில் பார்ப்பது, ஏனென்றால் அவற்றை மாற்றுவது எளிதல்ல. காய்ச்சும்போதும் கழுத்தில் மட்டுமே சூடு படவேண்டும். அடிப்பகுதி இளகினால் வெடியின் அழுத்தத்தைத் தாங்காது, சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து.

இனி என் குடத்துக்கு வருகிறேன். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் இருந்த படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் கண்டன. அவற்றைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். காரணத்தை 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் விளக்கினார்கள். ஒடுக்கிய பித்தளைக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து செம்பைக் கரைக்கிறது. இழுபட்டிருக்கும் இடத்தில் கரைப்பு தொடங்கினால், அந்த இழுவிசையே விரிசலை மேலும் பிளந்துகொண்டு போகிறது. மிதமான சூட்டில் காய்ச்சி இழுவிசையைத் தணித்துவிட்டால் இந்த நோய் அண்டாது.

எங்கள் கொட்டகையில் இருந்தவை மாடுகள், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்றும் இப்போது புரிகிறது. அம்மோனியா காற்றைவிட இலேசானது. பள்ளி ஆய்வகத்தில் அதைப் பிடிக்க ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். நாங்களும் குடத்தைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தோம்.