தரவுப் பகிர்வு: 'டேட்டா ஷேரிங்' என்பதற்குத் தமிழ்

வயது 14 மாதம். ஒரே நாளில் ஐந்து முறை வயிற்றுப்போக்கு. மலத்தில் ரத்தம் இல்லை. கண்கள் உள்வாங்கியிருக்கின்றன. வீட்டில் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். ஒரு குழந்தையைப் பற்றி இப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வயிற்றுப்போக்கு ஆய்வில் ஒவ்வொரு குழந்தையும் இதுபோல அட்டவணையில் ஒரு வரியாக இருக்கும். அந்த வரிகளைத்தான் டேட்டா என்கிறார்கள். தமிழில் தரவு.

லத்தீனில் 'டாரே' என்றால் கொடுத்தல். கொடுக்கப்பட்ட ஒன்று 'டேட்டம்', அதன் பன்மை 'டேட்டா'. யூக்ளிட் கிரேக்கத்தில் எழுதிய ஒரு வடிவியல் நூலுக்கு 'தெதோமெனா', அதாவது 'தரப்பட்டவை', என்று பெயர். லத்தீனில் அதையே 'டேட்டா' என்றார்கள். கணக்குப் பாடத்தில் "இரு பக்கங்களின் அளவு தரப்பட்டுள்ளது" என்று படிக்கிறோமே, அதே பொருள்தான்.

தமிழில் வா என்பதிலிருந்து வரவு, செல் என்பதிலிருந்து செலவு. அதேபோல் தா என்பதிலிருந்து தரவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் இதே பெயர். கலைச்சொல்லாக்கத்தில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய சொற்கள் கொஞ்சம்தான். லத்தீன் வேரும் தமிழ் வேரும் ஒரே செயலைச் சொல்கின்றன.

தரவைத் தகவல் என்று எழுதுவது சரியில்லை. புள்ளிவிவரம் என்பதும் வேறு. மேலே பார்த்த வரி தரவு. அப்படிப் பல வரிகளை எண்ணி, 'இத்தனை சதவீதம்' என்று சொன்னால் அது புள்ளிவிவரம். அதைப் படித்து நாம் தெரிந்துகொள்வது தகவல். ஆய்வுக் கட்டுரையில் பெரும்பாலும் புள்ளிவிவரம்தான் இருக்கும். வரிகள் ஆய்வாளரின் கணினியிலேயே தங்கிவிடும். அவற்றைப் பிறரும் எடுத்து ஆராயும்படி கொடுப்பதே தரவுப் பகிர்வு. சிலர் 'தரவுப் பரிமாற்றம்' என்று எழுதுகிறார்கள். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது பரிமாற்றம். இங்கே பதிலுக்கு எதுவும் வாங்குவதில்லை, அதனால் பகிர்வுதான் சரி.

இப்படி நோய்களை மக்களிடையே ஆராயும் துறையான எபிடெமியாலஜிக்கும் ஒரு சொல் வேண்டும். 'எபி' என்றால் மேல், 'டெமோஸ்' என்றால் மக்கள். மக்கள்மேல் வந்து இறங்குவதைப் பற்றிய படிப்பு. 'தொற்றுநோயியல்' என்று பரவலாக எழுதுகிறார்கள், ஆனால் இந்தத் துறை சர்க்கரை நோயையும் புற்றுநோயையும்கூட ஆராய்கிறது. 'நோய்ப்பரவலியல்' எனக்குப் பிடித்த சொல். யாருக்கு, எங்கே, எப்போது, ஏன் என்ற கேள்விகள் எல்லாம் 'பரவல்' என்பதில் அடங்கிவிடும்.

சரி, பகிர்வதால் என்ன கிடைக்கும்? பழைய தரவைப் புதிய கேள்வியோடு மறுபடி ஆராயலாம். 'ஜெம்ஸ்' என்ற ஆய்வு ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலுமாக ஏழு நாடுகளில் நடந்தது. வயிற்றுப்போக்கு வந்த 9,439 குழந்தைகளையும், ஒப்பிட்டுப் பார்க்க வயிற்றுப்போக்கு இல்லாத 13,129 குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாருமே ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். 2013இல் முடிவு வந்தது. ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம், ஒரு வகை ஈ.கோலை, ஷிகெல்லா ஆகிய நான்கு கிருமிகளும் முக்கியக் காரணங்கள் என்றார்கள். அப்புறம் அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரின் பாதுகாத்து வைத்த மல மாதிரிகளை இன்னும் நுட்பமான மரபணுச் சோதனையில் மறுபடி பார்த்தார்கள். 2016இல் வந்த அந்த மறு ஆய்வில் ஷிகெல்லாவின் பங்கு கூடியது, அடினோ வைரஸின் பங்கு பல மடங்கு ஏறியது. இதற்காகப் புதிதாக ஒரு குழந்தையிடமும் எதுவும் எடுக்கவில்லை. பழைய வரிகளும் மாதிரிகளும் பத்திரமாக இருந்ததால் முடிந்தது.

வெறும் அட்டவணையைக் கொடுத்தால் மட்டும் போதாது. உகாண்டாவில் மூன்று இடங்களில் நடந்த 'பிரிஸம்' என்ற மலேரியா ஆய்வில் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். மாதந்தோறும் அவர்கள் தூங்கும் அறையில் விளக்குப்பொறி (வெளிச்சத்தால் கொசுவை இழுத்துப் பிடிக்கும் கருவி) வைத்துக் கொசுக்களை எண்ணினார்கள். அந்த அட்டவணையில் 'காய்ச்சல்: ஆம்' என்றிருந்தால் என்ன பொருள்? உடல் வெப்பம் 38 டிகிரிக்கு மேல் இருந்ததா, நேற்றிலிருந்து சுடுகிறது என்று அம்மா சொன்னதா? அந்த ஆய்வில் இரண்டுமே காய்ச்சல்தான். இன்னோர் ஆய்வில் அப்படி இருக்காது. ரத்தப் பரிசோதனைக் கட்டம் காலியாக இருந்தால், கிருமி இல்லையா, பரிசோதனையே செய்யவில்லையா? இதையெல்லாம் சொல்லும் குறிப்புக்குத் 'தரவு அகராதி' என்று பெயர். அது இல்லாமல் தரப்படும் தரவை நான் பகிர்வு என்று சொல்லமாட்டேன்.

பெயரையும் வீட்டின் இருப்பிடத்தையும் நீக்கிவிட்டுத்தான் பகிர வேண்டும். தேதியில்தான் சிக்கல், அதை வைத்தும் குழந்தை யார் என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரு குழந்தையின் எல்லாத் தேதிகளையும் ஒரே எண்ணிக்கையில் சில நாட்கள் முன்னோ பின்னோ நகர்த்தும் வழக்கம் உண்டு. அப்போது ஒரு காய்ச்சலுக்கும் அடுத்த காய்ச்சலுக்கும் உள்ள இடைவெளி மாறாது. ஆனால் மாதக்கணக்கில் நகர்த்திவிட்டால் மழைக்காலம் எது, கோடை எது என்று தெரியாமல் போகும். மலேரியாவில் அது பெரிய இழப்பு.

ஆய்வாளர்களுக்குத் 'தரவுப் பகிர்வு' என்று எழுதலாம். ஒப்புதல் படிவத்தைக் கையில் வாங்கும் தாயிடம் அந்தச் சொல் நிற்காது. தந்தவர் அவர். அவரிடம் இப்படிக் கேட்க வேண்டும்: "அம்மா, உங்க குழந்தையைப் பத்தி நாங்க எழுதிக்கிறதை, பேரை எடுத்துட்டு, வேற ஆராய்ச்சிக்காரங்களுக்கும் கொடுக்கலாமா? வேண்டாம்னு சொன்னாலும் வைத்தியம் குறையாது."