நோட்டை எப்போது மூடப் போகிறீர்கள்?

"ஆப் இருக்கு சார், ஆனா யாரும் போட மாட்டேங்குறாங்க." தொண்டு நிறுவனங்களிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். டிரஸ்டுகளுக்கு மென்பொருள் அமைத்துக் கொடுத்து, அதை ஊழியர்களுக்குப் பழக்கிவிடுவது என் வேலை. பதினான்கு வருடமாக மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒரு போன் வந்து நேரில் போனால் கம்ப்யூட்டர் பக்கம் உடனே போக மாட்டேன். பீரோவைத் திறக்கச் சொல்வேன். உள்ளே இந்த வாரத் தேதி போட்ட வருகைப்பதிவு நோட்டு இருந்தால் முக்கால்வாசி புரிந்துவிடும்.

மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு டிரஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். நிதி கொடுத்தவர்கள் மையத்துக்கு ஒன்று என்று டேப்லெட் வாங்கித் தந்திருந்தார்கள். வருகை, மதிப்பெண், வீட்டுக்குப் போய்ப் பேசிய விவரம் எல்லாம் ஆப்பில் ஏற வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் டேட்டா முழுக்க ஓட்டை. ஆர்வம் இல்லை, வயசாகிவிட்டது, போன் என்றாலே பயம் என்று செயலாளர் காரணங்களை அடுக்கினார். அங்கே வேலை பார்க்கும் ஒரு களப்பணியாளர் அக்காவோடு ஒரு நாள் கூடவே போனேன்.

ஐந்து மணிக்கு மையத்தைத் திறந்து, பிள்ளைகளை உட்காரவைத்து, நோட்டில் வருகை போட்டார். ஏழரைக்கு முடித்துவிட்டு, வராத இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேசி, அதையும் நோட்டில் எழுதினார். தன் வீட்டுக்கு வந்து உலை வைத்து, எல்லோருக்கும் சோறு போட்டு முடிக்க மணி ஒன்பதரை. அதற்குப் பிறகு டேப்லெட்டை எடுத்து, நோட்டில் இருந்த அதே முப்பத்து நான்கு பெயரையும் ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார். பதினோராவது பெயரில் ஆப் தானாக வெளியே வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

"நோட்டை விட்டுட்டு மையத்துலயே இதுல போட்டுடலாமே அக்கா?"

"நோட்டுல கையெழுத்து இல்லாட்டி ஆடிட்டர் விடமாட்டாரு தம்பி. அப்புறம் சம்பளம் நின்னா நீங்களா தருவீங்க?"

யூடியூபைப் பார்த்து பிளவுஸ் வெட்டுகிறவர் அவர். சீட்டுப் பணத்தை ஜிபேயில் கட்டுகிறவர். போனைப் பார்த்துப் பயப்படுகிற ஆளே இல்லை. அலுவலகம்தான் ஒரு வேலையை இரண்டாக்கி, இரண்டாவது வேலையை அவருடைய தூக்க நேரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தது. நோட்டும் ஆப்பும் சேர்ந்து இருக்கிற இடத்தில் எப்போதும் நோட்டுதான் ஜெயிக்கும். அதற்கு சார்ஜ் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம், தப்பாக எழுதினால் அடித்துவிட்டு மேலே எழுதலாம்.

இதே டிரஸ்டின் கணக்காளரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தெட்டு வயது. டாலி என்ற கணக்கு மென்பொருளைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று இருந்தவர். 2021-22 நிதியாண்டிலிருந்து 80ஜி பதிவுள்ள, அதாவது கொடுப்பவருக்கு வரிவிலக்கு வாங்கித் தரக்கூடிய அமைப்புகள், நன்கொடையாளர் விவரங்களை 10பிடி என்ற படிவத்தில் வருமான வரித் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று வந்தது. பெயர், முகவரி, பான் மாதிரி ஓர் அடையாள எண், எவ்வளவு கொடுத்தார், எப்படிக் கொடுத்தார் என்று எல்லாம் கேட்கும். கடைசித் தேதி அடுத்த மே 31. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அதை ஏற்றினால்தான் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் வரும், அது கையில் இருந்தால்தான் கொடுத்தவர் வரிவிலக்குக் கேட்க முடியும். முதல் வருடம், 2022 மே மாதம், மனிதர் கார்பன் வைத்த ரசீதுப் புத்தகங்களைப் பரப்பிப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்காக போன் போட்டார். "ஐநூறு ரூபா குடுத்ததுக்கு பான் கார்டாப்பா? ரசீதே வேண்டாம், விடு" என்று சிலர் வைத்துவிட்டார்கள்.

ஜூன் முதல் வாரம் அவரே என்னைக் கூப்பிட்டார். பணம் வாங்கும்போதே விவரமும் சேர்ந்து ஏறுகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றார். அரை நாள் சொல்லிக்கொடுத்தேன். ஒரே மாதத்தில் ரசீதுப் புத்தகம் போய்விட்டது. விவரத்தை உள்ளே போடுகிறவரும் அவர்தான், அதனால் வலி குறைகிறவரும் அவர்தான்.

அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் தட்டுவதெல்லாம் சென்னைக்குப் போய், அங்கிருந்து நிதி கொடுத்தவரின் அறிக்கையில் வண்ண வட்டமாக மாறும். அவர் கைக்கு ஒன்றும் திரும்பி வராது. எதையும் நிறுவுவதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி இப்போதெல்லாம் இதுதான்: இதில் போடுகிறவருக்கு என்ன லாபம்? அந்த டிரஸ்டில் இரண்டு செய்தோம். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளைகளின் பட்டியல் மாலை நான்கு மணிக்கு அவர் போனுக்கு வந்துவிடும். மாதம் பிறந்தால் அரை நாள் உட்கார்ந்து எழுதும் அறிக்கை தானாகத் தயாராகிவிடும். படிவத்தில் இருந்த கேள்விகளில் பாதியை வெட்டினோம். வெட்டும்போது செயலாளருக்கு மனசே வரவில்லை. "அது இருக்கட்டுமே, என்னிக்காவது தேவைப்படும்." என்றைக்கும் தேவைப்படாது, நான் பார்த்தவரை.

மென்பொருள் எங்கே உதைக்கும் என்பது ஊருக்குள் இறக்கினால்தான் தெரியும். வெளிநாட்டில் செய்தவை எடுத்ததும் கடைசிப் பெயர் கேட்கும், அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவிடாது. நம் ஆட்களிடம் இருப்பது இனிஷியல். ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் கடுப்பில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். வருடக் கடைசியில் பார்த்தால் ஒரே முருகேசன் மூன்று பேராகி நிற்பார். ஊர்ப் பெயரை வைத்துப் பிரிக்கலாம் என்றால், ஒன்றியத்துக்கு நான்கு புதூர். ஒரு வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே போன் நம்பர் என்பதால் அதுவும் உதவாது. பிள்ளைக்கு ஒரு வரிசை எண் கொடுத்து, அதை அட்டையில் எழுதிக் கையில் தருவதுதான் இதுவரை எனக்குப் பலித்த வழி.

பழைய எழுத்துரு இன்னொரு தலைவலி. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியவைக்கும் யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010-ல். ஆனால் பல டிரஸ்டுகளின் எக்செல் கோப்புகள் இன்னும் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. பாமினிக் கோப்பை கூகுள் ஷீட்டில் ஏற்றினால், புள்ளி வைத்த எழுத்து வரும் இடமெல்லாம் அரைப்புள்ளி விழுந்து, பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். மாற்றுவதற்குக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு யாராவது உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். அதற்கு இரண்டு வாரம் ஒதுக்காமல் புது மென்பொருளுக்குத் தேதி குறிக்காதீர்கள்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு சின்ன அமைப்புக்கு எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்து, கணக்கை அங்கிருந்த திட்ட ஒருங்கிணைப்பாளரின் சொந்த நம்பரில் பதிவு செய்தேன். வசதியாக இருந்தது, செய்துவிட்டேன். அவர் வேலையை விட்டுத் திருப்பூர் போனார், நம்பரையும் மாற்றிவிட்டார். சில மாதம் கழித்து உள்ளே போக முயன்றால் ஓடிபி முன்பின் தெரியாத யாருக்கோ போகிறது. இரண்டு வருடக் கணக்கெடுப்பு அதற்குள்ளேயே புதைந்துபோனது. அன்றிலிருந்து முதல் வேலை, டிரஸ்ட் பெயரில் ஒரு சிம் வாங்கி அலுவலகத்திலேயே வைப்பது. கடவுச்சொற்களை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, செயலாளர் பீரோவில் வைப்பது இரண்டாவது. பார்க்கப் பழைய பாணிதான்.

இலவசம் என்றால் கை நீட்டிவிடுகிறோம். தப்பில்லை. ஹார்வர்டில் பேரிடர் நிவாரணப் பணிகளுக்காக உருவான கோபோ டூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்பு மென்பொருளை நானே பல இடங்களில் போட்டிருக்கிறேன். சிக்னல் இல்லாத மலைக் கிராமத்தில் தமிழிலேயே கேள்வி கேட்டுச் சேமித்துக்கொண்டு, கீழே இறங்கியதும் அனுப்பலாம். தொண்டு நிறுவனங்களுக்கு கூகுளும் மின்னஞ்சல் முதல் சேமிப்பு வரை இலவசமாகத் தருகிறது. ஆனால் இலவசம் கொடுத்தவர் கையில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் இந்த அமைப்புகளுக்கு பிசினஸ் பிரீமியம் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பின் உரிமம் பத்து வரை சும்மா தந்துகொண்டிருந்தது. 2025 ஜூலையிலிருந்து புதுப்பிக்கும்போது அது கிடையாது என்று சொல்லிவிட்டது. அதை நம்பி இருந்தவர்கள் பட்ஜெட்டைத் திருத்த ஓடினார்கள். எதை எடுத்தாலும், உங்கள் டேட்டாவை எக்செல்லாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே எடுத்துப் பாருங்கள்.

பணம் என்று வரும்போது, டேப்லெட் வாங்கக் கொடுப்பவர்கள் பழக்கிவிடக் கொடுப்பதில்லை. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்ததை வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தம் 20 ஆக்கிவிட்டது. அந்த 20-க்குள்தான் வாடகை, கரண்ட் பில், எல்லாம். அதனால் திட்ட வரைவு எழுதும்போதே பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் தனி வரி போட்டுக் கேளுங்கள். கேட்காமல் யாரும் தருவதில்லை.

நோட்டையும் ஆப்பையும் தாண்டி, எல்லா டிரஸ்டிலும் உண்மையில் ஓடுகிற மென்பொருள் வாட்ஸப்தான். ஒரு முறை களப்பணியாளர் குழுவின் படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பிள்ளைகளின் ஆதார் அட்டை, வீட்டு வாசலில் நிற்கும் படம், ஒரு சிறுமியின் மருத்துவச் சீட்டு. குழுவில் வேலையை விட்டுப் போனவர்கள் நான்கு பேர் இன்னும் இருந்தார்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தச் சிறுமியின் அம்மாவுக்குத் தெரிந்தால் மறுபடி கதவைத் திறப்பாரா? போனவர்களை அன்றைக்கே குழுவிலிருந்து எடுத்தோம்.

சரி, அந்த நோட்டுக்கு வருகிறேன். ஆடிட்டரைப் போய்ப் பார்த்தோம். ஆப்பிலிருந்து மாதக் கடைசியில் பிரின்ட் எடுத்து, மையப் பொறுப்பாளரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தால் தனக்குப் போதும் என்றார். இத்தனை நாள் அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. இரண்டு மையத்தில் மட்டும் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். பெயரைத் தட்டிக்கொண்டிருக்காமல், வராதவர்களை மட்டும் குறித்தால் போதும் என்று மாற்றினோம். அக்காவுக்கு மையத்திலேயே இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. மற்ற மையங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவரையே அனுப்பினோம். நான் ஹாலில் புரொஜெக்டர் போட்டுச் சொன்னதைவிட அது நன்றாக எடுபட்டது.

அடுத்த மாதம் முதல் தேதி எல்லா மையத்து நோட்டையும் மேசைமேல் அடுக்கவைத்தோம். கடைசியாக எழுதிய பக்கத்தில் "இப்பதிவேடு இத்துடன் முடிக்கப்படுகிறது" என்று எழுதி, தேதி போட்டு, செயலாளர் ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் முத்திரையும் வைத்தார். அக்கா தன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் அறுபது பக்கம் சும்மாதானே இருக்கிறது, பையனுக்குக் கணக்குப் போடக் கிழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். செயலாளர் ஆடிட்டருக்கு போன் போட்டார்.