நகரசபை கூட்டிய சம்பளம் உங்களுக்கு ஏன் வரவில்லை? அமெரிக்காவில் மணிக்கணக்குச் சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் பெட்ரோல் பங்கிலோ, மோட்டலிலோ, உணவகத்திலோ மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவரா நீங்கள்? உங்கள் நகரசபை குறைந்தபட்ச சம்பளத்தை உயர்த்தியது என்று செய்தி படித்திருப்பீர்கள். செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தச் சம்பளம் சட்டப்படி உங்களுக்குக் கிடையாது என்று ஆகியிருக்கலாம். பழைய செய்தியைக் கைபேசியில் காட்டி முதலாளியிடம் வாதாடி, அடுத்த வாரமே ஷிப்டு குறைக்கப்பட்டவர்களைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக: நாடு முழுவதற்குமான குறைந்தபட்சம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைக்குப் பிறகு அது ஒரு சென்ட் கூட ஏறவில்லை. மாநிலம் விரும்பினால் இதைவிடக் கூட்டலாம். நகரம் கூட்டலாமா என்பது மாநிலத்தின் தயவில் இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் "நகரங்கள் இதில் கை வைக்கக் கூடாது" என்று சட்டம் போட்டிருக்கின்றன.

அது எப்படி நடக்கும் என்பதற்கு மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் போதும். நகரத்தின் உயர்வை மாநில உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. 2017 மே மாதம் சம்பளம் மணிக்கு 10 டாலர் ஆனது. நான்கு மாதம் கூட முடியவில்லை, மாநில சட்டமன்றம் கொண்டுவந்த தடைச் சட்டம் ஆகஸ்ட் 28 அன்று அமலுக்கு வந்து, குறைந்தபட்சம் மறுபடி 7.70க்கு இறங்கியது. சில முதலாளிகள் மனசாட்சிப்படி 10 டாலரையே தொடர்ந்தார்கள். மற்ற இடங்களில் அதே ஆள், அதே வேலை, சம்பளம் மட்டும் குறைந்தது.

அலபாமாவின் பர்மிங்காம் கதை இன்னும் மோசம். நகரசபை 10.10 டாலர் என்று முடிவெடுத்தது. 2016 பிப்ரவரியில் சட்டமன்றம் அவசர அவசரமாகத் தடைச் சட்டம் நிறைவேற்றி, ஆளுநர் கையெழுத்தும் போட்டுவிட்டார். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் நகரத்தின் மீது பாகுபாடு காட்டப்படுகிறது என்று தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு தள்ளுபடி செய்தது. காரணம்? உங்கள் சம்பளம் குறைந்ததற்கு மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வக்கீல்) பொறுப்பில்லை, அவர் மீது போட்ட வழக்கு செல்லாதாம். பாகுபாடு இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு விசாரணையே நடக்கவில்லை.

ஜன்னல் ஜன்னலாக அலைக்கழிப்பதும் இப்படித்தான். நகர அலுவலகத்தைக் கேட்டால் "மாநிலச் சட்டம், எங்கள் கையில் இல்லை" என்பார்கள். அலபாமாவில் மாநிலக் குறைந்தபட்ச சம்பளச் சட்டமே கிடையாது. ஆகவே மாநில அலுவலகம் "மத்திய அரசைக் கேளுங்கள்" என்னும். மத்திய அலுவலகமோ "7.25 வருகிறதா? அப்படியானால் மீறல் இல்லை" என்று முடித்துவிடும். மூன்று பேரும் சொல்வது உண்மைதான். ஒரு நாள் கூலி போவது உங்களுக்கு. லூசியானா, மிசிசிப்பி, டென்னஸி, தென் கரோலினாவிலும் மாநிலக் குறைந்தபட்சம் இல்லை. அங்கே 7.25க்கு மேல் கேட்டு எந்த அலுவலகப் படியும் ஏற வேண்டாம். அதற்குக் கீழே கொடுக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் நிறைய இடங்களில் கொடுக்கிறார்கள்.

முதல் பொறி, டிப்ஸ். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது மத்திய சட்டம். 1991 முதல் அதே தொகை. ஆனால் டிப்ஸையும் சேர்த்து அந்த வாரத்தில் மணிக்கு 7.25 என்ற கணக்கு வரவில்லை என்றால் மீதியை முதலாளிதான் போட வேண்டும். 40 மணி நேரத்துக்கு 290 டாலர் வந்தாக வேண்டும். முதலாளி தருவது 85.20. அந்த வாரம் டிப்ஸ் 204.80க்குக் குறைந்தால் அந்தத் துண்டு அவர் பாக்கி. "போன வாரம் நல்ல டிப்ஸ் வந்ததே" என்று இரண்டு வாரத்தைக் கலப்பார்கள். கலக்கக் கூடாது, வாரம் வாரமாகத்தான் கணக்கு. தட்டு உடைந்தது, வாடிக்கையாளர் பணம் கட்டாமல் போனார் என்று இவர்களிடம் பிடிப்பதும் சட்டவிரோதம்.

அடுத்தது எல்லை. நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பது பொருட்டில்லை, எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதுதான். கன்சாஸ் சிட்டியில் ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாலை. ஒரு பக்கம் மிசௌரி, மறுபக்கம் கன்சாஸ் மாநிலம். மிசௌரியில் நகரங்களுக்குத் தடை போட்ட பிறகு மக்கள் 2018இலும் 2024இலும் வாக்கெடுப்பில் மாநிலம் முழுவதற்கும் சம்பளத்தை ஏற்றினார்கள். 2026 ஜனவரி முதல் 15 டாலர். எதிர்ப்பக்கக் கடையில் 7.25. (அலபாமாவில் இந்த வழியும் இல்லை. மக்களே மனுப்போட்டு மாநில வாக்கெடுப்புக் கொண்டுவரும் ஏற்பாடு அங்கே கிடையாது.)

மிசௌரியிலும் ஒரு ஓட்டை உண்டு. ஆண்டு விற்பனை 5 லட்சம் டாலருக்குக் குறைவான சில்லறை, சேவைக் கடைகளுக்கு அந்த 15 டாலர் பொருந்தாது. சின்னக் கடை முதலாளிகள் எல்லோருமே இதைச் சொல்வார்கள். சொன்னதற்காக நம்பிவிடாதீர்கள்.

"நீ ஊழியர் இல்லை, கான்ட்ராக்டர்" என்று கான்ட்ராக்டர்களுக்கான 1099 வரிப் படிவம் கொடுத்தாலும் அப்படித்தான். எப்போது வர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அவரே ஆட்டிவைத்தால், படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும் நீங்கள் ஊழியராகவே இருக்கக்கூடும்.

சரி, பாக்கி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. புகார் செய்யும் முன் தினமும் வேலைக்கு வந்த நேரம், போன நேரம், வாங்கிய டிப்ஸ் மூன்றையும் சொந்த நோட்டில் எழுதத் தொடங்குங்கள். கடைக் கணினியில் இருப்பதை நம்ப வேண்டாம், வேலை போனால் அதைப் பார்க்க முடியாது. சம்பளச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

மத்தியத் தொழிலாளர் துறையின் சம்பளப் பிரிவு எண் 1-866-487-9243. புகார் கொடுத்தவர் பெயரை வெளியிட மாட்டார்கள். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்குவதும் தனிக் குற்றம். விசாவில் வேலை அனுமதி இல்லாமல் செய்த வேலைக்கும் சம்பளம் உண்டு. ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர்கள் முதலில் ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசிவிட்டு அடியெடுத்து வையுங்கள்.

இங்கே பலரும் இரண்டு இடத்தில் வழுக்குகிறார்கள். மத்திய சட்டப்படி பாக்கி கேட்க இரண்டு வருடம், முதலாளி தெரிந்தே செய்திருந்தால் மூன்று வருடம். துறையில் புகார் கொடுத்தால் அந்தக் கடிகாரம் நிற்காது. கோப்பு அங்கே தூங்கும் ஒவ்வொரு வாரமும் உங்கள் பழைய பாக்கியில் ஒரு வாரம் கழிந்துகொண்டே போகும். ஆகவே பதிலுக்காகக் காத்திருக்காமல் ஒரு தொழிலாளர் வக்கீலையும் பாருங்கள். ஜெயித்தால் வக்கீல் கூலியை முதலாளியே கட்ட வேண்டும் என்பதால் முன்பணம் கேட்காதவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், துறை வசூலித்துத் தரும் காசோலையோடு டபிள்யூ எச் 58 என்ற படிவம் வரும். அதில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிவிட்டால், அந்தப் பாக்கிக்காகத் தனியாக வழக்குப் போட்டு இரண்டு மடங்கு கேட்கும் உரிமை போய்விடும். வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.