காளானுக்கு ஏது செவுள்?

போன மாரியில் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் சிப்பிக்காளான் வளர்ப்புப் பயிற்சி ஒன்று நடந்தது. ஆளுக்கொரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். 'நல்ல காளானின் செவுள்கள் வெண்மையாக இருக்கும்' என்று அதில் ஒரு வரி. பக்கத்தில் இருந்த அம்மா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, செவுள் எண்டால் என்ன?"

"மீனில பூ எண்டு சொல்லுறமே, அதுதான் அம்மா."

"பூ வெள்ளையெண்டால் அது பழுதான மீனெல்லோ?"

எனக்குப் பதில் வரவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் வாங்கிப் பழகிய கை அது. பூ சிவந்திருந்தால் எடுப்பார், வெளிறியிருந்தால் போட்டுவிடுவார். காளானுக்குச் 'செவுள்' என்று எழுதியிருப்பதை நான் எத்தனையோ இடத்தில் கண்டு பல்லைக் கடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தச் சொல் என்ன வேலை பார்க்கிறது என்று முழுதாக விளங்கியது.

பொருள் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காளானின் குடையைத் திருப்பிப் பார்த்தால், நடுவிலிருந்து விளிம்பு வரை மெல்லிய தாள்கள் போல வரிசையாக நிற்கின்றனவே, அவைதான் இந்தச் 'செவுள்'. ஒவ்வொன்றின் இரு முகத்திலும் வித்திகள், அதாவது காளானுக்கு விதை போன்ற நுண்துகள்கள், உண்டாகி உதிரும். மூச்சுவிடுவதற்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆங்கிலேயர் கண்ணுக்கு அது மீனின் 'கில்' போலத் தெரிந்தது, அந்தப் பெயரையே வைத்தார்கள். இலத்தீனில் அது 'லமெல்லா', சிறு தகடு. கிரேக்கத்திலிருந்து காளான் பெயர்களுக்குள் வந்த 'பில்லோன்' என்பதன் பொருள் இலை. மூன்று மொழியில் இரண்டு, மீன் பக்கமே போகவில்லை.

எங்கள் வளவில் பட்டுப்போய் விழுந்த மாங்கொப்பு ஒன்று கிடக்கிறது. அதன் பட்டை வெடிப்புகளில் வரிசையாக ஒரு காளான். காம்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, சின்ன விசிறி போல மரத்தோடு ஒட்டியிருக்கும். அகலம் ஒன்று முதல் நாலு சென்ரிமீற்றர். மேலே சாம்பல் கலந்த வெள்ளை, பூனைக்குட்டி வயிறு போல மயிர். வேலிக் கதியால் பட்டுப்போனாலும் இது வரும், விறகுக் குவியலிலும் வரும். அந்தாட்டிக்கா தவிர உலகம் முழுக்க உண்டு. பெயர் ஸ்கிசோபில்லம் கொம்யூனே. சுவீடன் நாட்டு எலியாஸ் பிரீஸ் 1815இல் இட்டது. 'ஸ்கிசோ' பிளந்தது, 'பில்லம்' இலை, 'கொம்யூனே' எங்கும் காண்பது. ஆண், பெண் என்பது போன்ற பால் வகைகள் இருபதாயிரத்துக்கு மேல் இதற்கு உண்டு என்பது வேறு கதை, அதற்குள் போனால் திரும்பி வரமாட்டோம்.

பெயரில் சொன்ன பிளவு உண்மையானது. அடிப்பக்கத்துத் தாள் ஒவ்வொன்றும் விளிம்பில் நெடுக்காக இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் காய்ந்தால் இரு பாதியும் எதிரெதிரே சுருண்டு வித்தி உண்டாகும் முகத்தை மூடிக்கொள்ளும். மழை பட்டால் விரியும். சித்திரை வெயிலில் மொரமொரவென்று காய்ந்த ஒன்றைப் பிய்த்து வந்து சிரட்டைத் தண்ணீரில் போட்டு வைத்தேன். பின்னேரம் பார்க்கும்போது விரிந்து, நேற்று முளைத்தது போல நின்றது. இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் பிளந்த தாள், மற்றக் காளான்களில் இருக்கும் தாளைப் போன்றதே அல்ல. பக்கத்துப் பக்கத்தில் வளரும் கிண்ணம் போன்ற சிறு உறுப்புகள் இரண்டின் விளிம்புகள் முதுகோடு முதுகாக நிற்பதுதான் நமக்கு ஒரு பிளந்த தாளாகத் தெரிகிறது.

இதற்குத் தமிழில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தேடினால் 'பிளந்த செவுள் காளான்' என்று வருகிறது. வாசித்ததும் எனக்குக் கருவாடுதான் நினைவுக்கு வந்தது. கிரேக்கப் பெயரில் இலை என்று தெளிவாக இருக்கும்போது, அதை விட்டுவிட்டு ஆங்கிலப் பட்டப்பெயரைப் பிடித்துத் தமிழாக்கியிருக்கிறார்கள்.

செவுளோடு எனக்குள்ள வழக்கு தூய்மை வழக்கு அல்ல. செவுள் நல்ல தமிழ்ச் சொல்தான். மீனுக்கு இருக்கட்டும், 'செவுளில் அறைவேன்' என்று சினிமாவில் கத்துபவருக்கும் இருக்கட்டும். உவமையை இரவல் வாங்கும்போது அதோடு சேர்ந்து வரும் பழக்கத்தையும் வாங்கிவிடுகிறோம் என்பதே என் முறைப்பாடு. புளூட்டியஸ் என்று ஒரு காளான் இனம், உக்கிய மரத்தில் வரும். இளசில் அடித்தாள் வெள்ளை, முற்ற முற்ற வித்தி நிறத்தால் இளஞ்சிவப்பாகும். மீனில் சிவப்பு புதுசு, வெள்ளை பழசு. இங்கே அப்படியே தலைகீழ். செவுள் என்று சொல்லிக் கொடுத்தவன் அந்த அம்மாவின் இருபது வருட மீன் அறிவைக் கொண்டுபோய்த் தப்பான கதவில் தட்ட வைத்திருக்கிறான்.

இன்னொரு கூத்தும் உண்டு. இலங்கைப் பாடப்புத்தகத்தில் மீன் சுவாசிப்பது பூக்களால். செவுள் என்ற சொல்லே எங்கள் பிள்ளைகளுக்கு அக்கரையிலிருந்து வந்தது. அதை நேர்மையாக எங்கள் வழக்குக்கு மாற்றினால் 'காளானின் பூ' என்றாகிவிடும். பூக்காத உயிரினத்துக்குப் பூ! பிறகு பரீட்சையில் 'காளான் ஒரு பூக்கும் தாவரம்' என்று பிள்ளை எழுதினால் யாரைக் குறை சொல்வது?

சிலர் 'செதில்' என்கிறார்கள். இது செவுளைவிடக் கெடுதி. பல காளான்களின் குடைமேல் உண்மையாகவே செதில் உண்டு, இனம் பிரிக்க அதைப் பார்ப்பார்கள். மேலே உள்ளதும் செதில், கீழே உள்ளதும் செதில் என்றால் அடையாளம் காண்பவன் எங்கே பார்ப்பான்? இது வெறும் சொல் விளையாட்டு அல்ல, சட்டிக்குள் போகிற விஷயம். குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளான் வெப்பநாடுகளில் புற்றரையில் முளைக்கும். இளசில் அதற்கும் அடித்தாள் வெள்ளைதான், பிறகுதான் பச்சை ஓடும். 'வெள்ளையாக இருந்தால் நல்லது' என்ற வரியைச் சிப்பிக்காளான் பைக்கு வெளியே எடுத்துக்கொண்டு போகவே கூடாது. 'இதழ்' மறுபடியும் பூவுக்கு இழுக்கும். 'மடல்' தடிப்பானது. 'தகடு' என்றதும் கூரைத் தகரம்தான் கண்ணில் வருகிறது.

என் தெரிவு ஏடு. விசயதசமிக்கு ஏடு தொடக்காத வீடு இங்கே குறைவு. பனையோலைச் சுவடியின் கட்டைத் தளர்த்திப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும், மெல்லிய விளிம்புகள் நெருக்கமாக, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். குடைக்குக் கீழே இருப்பதும் அதுவே. பாலில் படிவதும் ஏடு, தயிரில் படிவதும் ஏடு, மெல்லியதும் பரந்ததும் என்ற பொருள் எங்கும் மாறவில்லை. இலை என்ற கிரேக்கப் பொருளுக்கும் தகடு என்ற இலத்தீன் பொருளுக்கும் இது சேர்ந்தே ஒத்துவருகிறது. சிப்பிக்காளானில் ஏடு காம்பில் இறங்கி ஓடுகிறது. புளூட்டியசில் ஏடு காம்பைத் தொடாது. குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கோப்பையால் மூடி இரவு முழுக்க விட்டால் விடியற்காலையில் ஏட்டு வரிகள் வித்தியால் பதிந்திருக்கும். ஸ்கிசோபில்லம் பிளவேட்டுக் காளான். இதில் எந்த வசனத்துக்கும் அடைப்புக்குறி தேவைப்படவில்லை, கவனித்தீர்களா?

மொழிபெயர்ப்பவர்கள் காளானைத் திருப்பிப் பார்ப்பதில்லை, அகராதியைத் திருப்பிப் பார்க்கிறார்கள். இப்போது அதுவும் இல்லை, கைபேசியில் தட்டினால் வந்துவிடுகிறது. அன்றைய துண்டுப்பிரசுரத்தில் ஒரு பக்கத்தில் பங்கசு, மறுபக்கத்தில் பூஞ்சை. இரண்டும் ஒன்றுதான் என்று எழுதியவருக்கே தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ஏட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. நீளமான ஏடுகளுக்கு இடையில் விளிம்பிலிருந்து பாதி தூரம் மட்டும் வரும் குட்டை ஏடுகள் உண்டு. 'சிற்றேடு' என்று எழுதினேன். வாசித்த நண்பர், "எங்கே, நூலகத்திலா இருக்கிறது?" என்று கேட்டார். அதனால் இப்போதைக்கு 'அரையேடு' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது ஒன்று யாரிடமாவது இருந்தால் தாருங்கள், மாற்றிவிடுகிறேன்.