கலிஃபோர்னியாவில் வீட்டு டேகேர்: லைசன்ஸ் யாருக்கு வேண்டும், வீட்டில் என்னென்ன பார்ப்பார்கள்

"வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்பவர் யாராவது இருக்கிறார்களா? நம்ம சாப்பாடு கொடுத்தால் நல்லது." ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் புதிதில்லாத கேள்வி இது. பதிலுக்கு ஃபோன் நம்பர்கள் வரும். அந்த வீட்டுக்கு லைசன்ஸ் உண்டா என்று கேட்கத்தான் எல்லோருக்கும் ஒரு தயக்கம். தெரிந்தவர் வீட்டில் போய் இதையெல்லாம் கேட்பதா என்று விட்டுவிடுகிறோம். தாராளமாகக் கேட்கலாம். முறையாக நடத்துபவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லைசன்ஸ் வேண்டுமா என்பதைச் சட்டம் முக்கியமாக ஒரே விஷயத்தை வைத்து முடிவு செய்கிறது: எத்தனை குடும்பத்துக் குழந்தைகள் வருகிறார்கள்? தன் பிள்ளைகளோடு வேறு ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டால் லைசன்ஸ் தேவையில்லை. இரண்டாவது குடும்பத்தின் குழந்தை வரத் தொடங்கினால் தேவை. "நான் இரண்டே இரண்டு குழந்தைகளைத்தான் பார்க்கிறேன்" என்பது பதிலாகாது. அந்த இருவரும் வேறு வேறு வீட்டுக் குழந்தைகள் என்றால் லைசன்ஸ் வாங்கியே ஆக வேண்டும். வாங்காமல் நடத்தினால் நாளுக்கு 200 டாலர் அபராதம் போட இடமிருக்கிறது.

லைசன்ஸ் கொடுப்பது மாநில சமூக சேவைத் துறையின் உரிமப் பிரிவு. குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்துச் சிறியது, பெரியது என்று இரண்டு வகை உண்டு. குழப்பம் அதிகம் வருவது இந்த எண்ணிக்கையில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சிறிய வகை வீட்டில் ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். இங்கே இரண்டு வயது நிரம்பாத எல்லோரும் கைக்குழந்தைக் கணக்கு. கைக்குழந்தைகள் மட்டும் என்றால் நான்கு பேர். கலந்து என்றால் மொத்தம் ஆறு பேர், அதில் கைக்குழந்தைகள் மூன்றுக்கு மேல் கூடாது. எட்டு பேர் வரைகூடப் போகலாம், ஆனால் கைக்குழந்தைகள் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு பிள்ளையாவது கிண்டர்கார்டனிலோ அதற்கு மேல் வகுப்பிலோ படிக்க வேண்டும். இன்னொரு பிள்ளைக்கு ஆறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். பெரிய வகை வீட்டில் உதவியாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அங்கே 12 பேர் வரை, கைக்குழந்தைகள் அதிகபட்சம் நான்கு. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் 14 வரை, அப்போது கைக்குழந்தைகள் மூன்றுதான். உதவியாளர் லீவு போட்டால் அன்றைக்கு அது சிறிய வீடு, அதே எண்ணிக்கைதான் செல்லும்.

பலர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். நடத்துபவரின் சொந்தப் பிள்ளைகளில் பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் இந்தக் கணக்கில் சேருவார்கள். அவருக்கு எட்டு மாதக் குழந்தை ஒன்று, நான்கு வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறில் இரண்டு இடம் அங்கேயே போய்விட்டது. வெளியிலிருந்து நான்கு பேரைத்தான் எடுக்கலாம், அதிலும் கைக்குழந்தைகள் இரண்டே இரண்டு. பார்க்கப் போகும்போது "லைசன்ஸ் எத்தனை பேருக்கு?" என்பதோடு நிறுத்தாமல், "இப்போது இரண்டு வயதுக்குள் எத்தனை பேர்?" என்றும் கேளுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒரே நேரத்தில் அழும் மூன்று கைக்குழந்தைகளுக்கு இருப்பது இரண்டு கைகள்தான்.

லைசன்ஸ் எடுப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். வாடகைக்கு ஒரு வீட்டைப் பிடித்து, ஆள் வைத்து நடத்த இந்த லைசன்ஸில் வழியில்லை. அந்த வீட்டில் வசிக்கும், வேலை செய்யும் பெரியவர்கள் எல்லோரும் கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். கணவர், கூடத் தங்கியிருக்கும் மாமனார், 18 ஆன மகன் யாருக்கும் விலக்கில்லை. ஊரிலிருந்து பெற்றோர் வந்து மாதக்கணக்கில் தங்குவதாக இருந்தால் உரிம அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. காசநோய் இல்லை என்ற சான்றும், தட்டம்மை, கக்குவான் தடுப்பூசிச் சான்றுகளும் வேண்டும். குழந்தைகளுக்கான முதலுதவி, சிபிஆர் (நின்றுபோன மூச்சையும் இதயத் துடிப்பையும் மீட்கும் முறை) உள்ளிட்ட 16 மணி நேரப் பயிற்சி ஒன்று உண்டு. முதலுதவி, சிபிஆர் சான்றிதழை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அப்புறம் வீடு. ஸ்மோக் அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், குறைந்தது 2ஏ10பிசி அளவிலான தீயணைப்பான் மூன்றும் கட்டாயம். விஷப் பொருட்கள் பூட்டில் இருக்க வேண்டும். மருந்து, கிளீனர் எதுவும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு போட வேண்டும். நீச்சல்குளம் இருந்தால் ஐந்து அடி உயர வேலி, அல்லது விதிப்படியான மூடி. குழந்தை உட்கார்ந்து நகர்த்தும், சக்கரம் வைத்த வாக்கர் கூடவே கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தீ, நிலநடுக்க ஒத்திகை நடத்தி எழுதி வைக்க வேண்டும்.

தூக்க விதிகள் நம்மவர்களுக்குச் சற்று இடிக்கும். ஒரு வயது வரை குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். தொட்டிலில் கெட்டியான மெத்தையும் அதன் மேல் இறுக்கமான விரிப்பும் மட்டுமே இருக்கலாம். போர்வை, பொம்மை, பக்கத் திண்டு, தலை உருண்டையாக வர வேண்டும் என்று அம்மா தைத்துக் கொடுத்த கடுகுத் தலையணை எதற்கும் இடமில்லை. துணியால் இறுகச் சுற்றித் தூங்க வைக்கவும் கூடாது, தூளி கட்டவும் கூடாது. தூங்கும் கைக்குழந்தையை 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்து, மூச்சு சீராக இருக்கிறதா என்று கவனித்துக் குறித்து வைக்க வேண்டும். "எங்கள் குழந்தை தூளியில்தான் தூங்கும், நீங்களும் கட்டிவிடுங்கள்" என்று பெற்றோரே கேட்டாலும் நடத்துபவர் மறுக்கத்தான் வேண்டும். அவர் மறுத்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் "ஓனர் விட மாட்டாரே" என்று தொடங்கும் முன்பே கைவிடுகிறார்கள். லைசன்ஸ் பெற்ற வீட்டு டேகேரை ஓனரோ குடியிருப்போர் சங்கமோ தடுக்க முடியாது. அபார்ட்மென்டுக்கும் இது பொருந்தும். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் பெரிய வீட்டு டேகேருக்கும் சிறியதற்குப் போலவே நகராட்சியின் தனி நிலப் பயன்பாட்டு (ஜோனிங்) அனுமதி வேண்டாம் என்று ஆக்கிவிட்டது. தொடங்குவதற்கு 30 நாள் முன்னதாக ஓனருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும். ஆறுக்கு மேல் எட்டு, 12க்கு மேல் 14 என்று கூட்டும்போது மட்டும் அவருடைய எழுத்துச் சம்மதம் தேவைப்படும். வீடு மாறினால் பழைய லைசன்ஸ் செல்லாது, புது முகவரிக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று: இந்த லைசன்ஸ் வேலை அனுமதி ஆகாது. எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) இருப்பவர் வேலை அனுமதி அட்டை இல்லாமல் டேகேர் நடத்தினால் குடிவரவுச் சட்டத்தில் சிக்கல் வரும்; சொந்தத் தொழிலும் வேலைதான்.

பெற்றோருக்கு உள்ள உரிமைகளில் பெரியது, டேகேர் நடக்கும் நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பது. "வருவதற்கு முன் ஃபோன் பண்ணுங்கள்" என்று கட்டாயப்படுத்தும் இடத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். சேர்ப்பதற்கு முன்பே துறையின் இணையதளத்தில் பெயரையோ ஊரையோ போட்டுத் தேடினால் ஆய்வு விவரங்களும் குறைகளும் வரும். குறைகளை 'ஏ', 'பி' என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். 'பி' என்றால் பெரும்பாலும் ஆவணம் விட்டுப்போனது, பயிற்சி காலாவதியானது போன்றவை; ஒன்றிரண்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'ஏ' என்றால் குழந்தைக்கு உடனடி ஆபத்து. அந்த அறிக்கையை வீட்டில் 30 நாள் ஒட்டி வைப்பதோடு பெற்றோருக்கு நகலும் கொடுக்க வேண்டும். ஒரே 'ஏ' குறை திரும்பத் திரும்ப வந்திருந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஏதாவது தவறாகப் பட்டால் துறைக்கு ஃபோனிலேயே புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தவரின் பெயரை நடத்துபவரிடம் சொல்ல மாட்டார்கள். வழக்கமாகப் பத்து நாளுக்குள் அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும்.